கட்டிலுக்கு ஓர் ஆள்

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஓர் ஆசிரியரை அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்தபோது, தலைமை ஆசிரியர் அதிகம் யோசிக்கவில்லை. தையல் டீச்சரின் பெயரை எழுதிவிட்டார். பள்ளியில் தையல் மெஷின் கிடையாது. எட்டு வருடத்துக்கு முன் பழுது பார்க்க வண்டியில் ஏற்றிக்கொண்டு போன ஐந்து மெஷின்களும் இன்னும் பழுது பார்க்கப்பட்டுக்கொண்டுதான் இருந்தன. ஊசியும் நூலும் வைத்துப் பித்தான் தைக்கச் சொல்லிக்கொடுப்பவர் ஒரு மாதம் இல்லாவிட்டால் கூரை ஒன்றும் இடிந்து விழாது. டீச்சரும் சரி என்றார். இரண்டு வருடமாக யார் எதைச் சொன்னாலும் அவர் சரி என்றுதான் சொல்லிவந்தார்.

இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய மகளுக்குத் தலைப்பிரசவம். தெருக்கோடித் தாய்சேய் நிலையத்தில் இருந்தது ஒரே கட்டில், ஒரே நர்ஸம்மா. அந்தக் கட்டிலில் அன்றைக்கு வேறொரு பெண் இருந்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், ரயில்வே கேட் மூடியிருந்த பதினெட்டு நிமிடத்தில், ஆட்டோவுக்குள்ளேயே எல்லாம் முடிந்துபோனது. அதற்குப் பிறகு டீச்சரின் மனசு, விரலுறை மாட்டிய விரல் மாதிரி ஆகிவிட்டது. ஊசி படுவது தெரியும், வலிக்காது. இப்போது மகளுக்கு மறுபடியும் எட்டாவது மாதம். நிலையத்தில் இருப்பது அதே ஒரு கட்டில்.

கணக்கெடுப்பாளர்களுக்கு மூன்று நாள் பயிற்சி நடந்தது. முதல் நாள் பேனா பிடிக்கும் விதம். இரண்டாம் நாள், பூட்டிய கதவிடம் எப்படிப் பேசுவது. மூன்றாம் நாள் இயக்குநர் வந்து உரையாற்றினார். பின்னால் ஒரு பெரிய பலகையில் சிவப்புக் கோடு ஒன்று, இடது மூலையில் பிறந்து வலது மூலையை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.

“மக்கள்தொகை என்பது இந்தக் கோடுதான்” என்றார் இயக்குநர். “மக்கள் வருவார்கள், போவார்கள். கோடு நிற்கும். எண்ணிக்கை துல்லியமாக இல்லாவிட்டால் பள்ளி எங்கே கட்டுவது, மருந்து எங்கே அனுப்புவது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே துல்லியம், துல்லியம், துல்லியம்.”

எல்லாரும் கை தட்டினார்கள். வளர்ச்சிப் போக்கு பற்றிய நூல் தடித்த அட்டையோடு அச்சாகிக்கொண்டிருப்பதாகவும், வெளியீட்டு விழாவுக்கு மண்டபம் பிடித்தாகிவிட்டதாகவும், இனி எண்ணுவது ஒன்றுதான் பாக்கி என்றும் அவர் சொல்லிவிட்டுப் போனார். பிறகு ஆளுக்கு ஒரு முத்திரை வைத்த உறை கொடுத்தார்கள். அந்தந்தப் பகுதியில் எத்தனை பேர் இருக்க வேண்டும் என்ற எண் அதற்குள் இருந்தது. உறையின் மேல் இப்படி அச்சிட்டிருந்தது: ‘எண்ணி முடித்த பிறகே பிரிக்கவும். பிரித்த பிறகு மறுபடி எண்ணவும்.’

டீச்சருக்குக் கிடைத்தது நாற்பத்தொன்றாம் பகுதி. குழாய்த் தொழிற்சாலையின் பின்சுவரை ஒட்டிய மூன்று தெருக்கள். அவர் குடியிருப்பதும் அங்கேதான். முதல் நாளே நர்ஸம்மா அவரை நிலையத்து வாசலில் நிறுத்திக்கொண்டார்.

“போன கணக்குல நம்ம பகுதி தொள்ளாயிரத்து முப்பத்தொண்ணு. ஆயிரத்தத் தாண்டினாத்தான் ரெண்டாவது கட்டில், இன்னொரு நர்ஸ், ஒரு ஆம்புலன்ஸ் வண்டி. நானும் வருஷா வருஷம் எழுதிப் போடறேன், ஆயிரம் இல்லையேங்கறாங்க. ஆனா தினம் எண்பது பேர் மாத்திரைக்கு வந்து நிக்கறாங்க டீச்சர். தொள்ளாயிரம் பேருக்கு இவ்வளவு தலைவலி வருமா?”

எண்ணிப் பார்க்கிறேன் என்றார் டீச்சர். அவர் வேலை அதுதானே.

குடும்பங்கள் இருக்கும் வீடுகளை எண்ணுவதில் ஒரு சிக்கலும் வரவில்லை. நான்கு நாளில் எழுநூற்றுத் தொண்ணூறு பேர். சிக்கல் தொழிலாளர் விடுதிகளில் இருந்தது. முதல் விடுதியின் முதல் அறையில் காலை பதினொரு மணிக்கு ஓர் இரும்புக் கட்டிலில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஆணியில் இரண்டு தலையணை உறைகள் தொங்கின, மூன்றாவது அவர் தலைக்கு அடியில். தகர டப்பாவில் மூன்று பல் தேய்க்கும் பிரஷ்கள். கட்டிலுக்கு அடியில் மூன்று ஜோடிச் செருப்புகளுக்கான இடம், அதில் ஒரு ஜோடி இருந்தது. தலையணை மட்டும் ஒன்றே ஒன்று.

விசாரித்ததில் விஷயம் புரிந்தது. தொழிற்சாலை நாள் முழுக்க மூன்று ஷிப்டாக ஓடுகிறது. கட்டிலும் அப்படியே ஓடுகிறது. காலை ஆறு மணிக்குப் படுப்பவர் பகல் இரண்டுக்கு எழுந்து, உறையைக் கழற்றிக்கொண்டு இடத்தை விடுவார். இரண்டு மணிக்குப் படுப்பவர் இரவு பத்துக்கு எழுவார். பத்து மணிக்குப் படுப்பவர் விடிகாலை ஆறுக்கு. அவர்களுக்கு விடுதியில் பெயரே ஆறு மணிக்காரர், ரெண்டு மணிக்காரர், பத்து மணிக்காரர் என்பதுதான். தொழிற்சாலைக்கு விடுமுறை என்றால் ஒருவர் தூங்க, மற்ற இருவரும் வாசல் படியில் உட்கார்ந்திருப்பார்கள்.

வீட்டுத் தலைவர் யார் என்ற ஏழாவது கேள்வியை டீச்சர் பத்து மணிக்காரரிடம் கேட்டார். படியில் உட்கார்ந்து சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்த அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“எத்தனை மணிக்குக் கேக்கறீங்க டீச்சர்?”

டீச்சர் அவர் கையிலிருந்த சட்டையை வாங்கி, பித்தானைச் சரியாகத் தைத்துக் கொடுத்துவிட்டு, அந்தக் கேள்வியைத் தாண்டிப் போனார்.

விடுதிகளில் மொத்தம் நூற்று எழுபத்து நான்கு கட்டில்கள். டீச்சர் ஒவ்வொரு கட்டிலுக்கும் மூன்று முறை போனார். ஒவ்வொரு ஆளையும் முகத்துக்கு முகம் பார்த்து எழுதினார். ஐந்நூற்று இருபத்திரண்டு பேர் வந்தார்கள். வீடுகளையும் சேர்த்தால் ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு. உறையைப் பிரித்தார். உள்ளே தொள்ளாயிரத்து அறுபத்து நான்கு என்று இருந்தது.

விதிப்படி மறுபடி எண்ணினார். ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு.

மேற்பார்வையாளருக்குச் சதவீதம் என்று பட்டப்பெயர். டீ வேண்டுமா என்று கேட்டால் அறுபது சதவீதம் வேண்டும் என்பார். படிவங்களைப் பார்த்துவிட்டு அவர் நாற்காலியை டீச்சர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். குழந்தைக்குச் சொல்வது போலப் பொறுமையாகத்தான் ஆரம்பித்தார்.

“ஒரு கட்டில்ல ஒரு நேரத்துல எத்தனை பேர் படுப்பாங்க?”

“ஒருத்தர்.”

“அவ்வளவுதான். கட்டிலுக்கு ஓர் ஆள். தூங்கறவன்தான் ஜனத்தொகை டீச்சர். முழிச்சுக்கிட்டு நடமாடறவன் போக்குவரத்து. அதுக்கு வேற துறை இருக்கு.”

சொல்லிக்கொண்டே கால்குலேட்டரில் எழுநூற்றுத் தொண்ணூறையும் நூற்று எழுபத்து நான்கையும் கூட்டினார். தொள்ளாயிரத்து அறுபத்து நான்கு வந்தது. இன்னொரு முறை கூட்டினார். அதுவே வந்தது. பத்து வருடத்துக்கு முன் போட்ட கோடு ஓர் ஆள்கூடப் பிசகவில்லையே என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவரும் கூட்டிப் பார்த்தார்.

ஆனால் டீச்சர் எழுதிவிட்ட முந்நூற்று நாற்பத்தெட்டு பேரை என்ன செய்வது? அதற்கும் ஒரு படிவம் இருந்தது. உபரி நபர் விளக்கப் படிவம். அதில் மூன்று கேள்விகள். நீங்கள் உபரி என்பது உங்களுக்கு எப்போது தெரியவந்தது? உபரியாக இருப்பதற்கான காரணம் என்ன, நாற்பது சொற்களுக்குள்? தொடர்ந்து இருக்க உத்தேசமா?

ஒரு கட்டிலில் ஒருவர் ஆள், இருவர் உபரி. எந்த இருவர் என்பதை அவர்களே பேசி முடிவு செய்துகொள்ளலாம் என்று அலுவலகம் பெருந்தன்மையாக விட்டுவிட்டது. முதல் அறை மூவரும் மரியாதை தெரிந்தவர்கள். நீங்க இருங்க, நீங்க இருங்க என்று ஒருவரை ஒருவர் ஆளாக்கப் பார்த்தார்கள். கடைசியில் ஆறு மணிக்காரர் வயதில் மூத்தவர் என்பதால் அவரை ஆளாக வைத்துவிட்டு மற்ற இருவரும் படிவத்தை நிரப்பினார்கள். மூன்றாவது கேள்விக்குப் பத்து மணிக்காரர், ‘முடிந்தவரை’ என்று எழுதியிருந்தார்.

படிவம் போதாது, ஒவ்வொரு கட்டிலின் மூவரும் ஒரே நேரத்தில் நேரில் வர வேண்டும் என்றது அடுத்த சுற்றறிக்கை. ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு ஐந்நூற்று இருபத்திரண்டு பேரும் அலுவலக வளாகத்தில் வரிசையில் நின்றார்கள். வரிசை வாசலைத் தாண்டி, சுவரைச் சுற்றி, மறுபடி வாசலுக்கே வந்தது. இவ்வளவு பேரை ஒன்றாகப் பார்த்தால் யாருக்கும் ஒரு சந்தேகம் வந்திருக்கும். ஆனால் அலுவலகத்தில் ஜன்னல்கள் கோப்பு அடுக்குகளால் மறைந்திருந்தன. அதே நேரத்தில் ஆய்வுக் குழு ஒன்று விடுதிகளுக்குப் போயிருந்தது. நூற்று எழுபத்து நான்கு கட்டில்களும் காலி. குழு கடமை தவறாதது. விடுதிகளில் மக்கள்தொகை பூஜ்ஜியம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது.

இப்போது மொத்தம் எழுநூற்றுத் தொண்ணூறு. கோடு தலைகுப்புற விழுந்தது. சதவீதத்துக்கு வியர்த்துக் கொட்டியது. அவரே வரிசைக்கு ஓடிவந்து, கட்டிலுக்கு ஒருவராகக் கையைப் பிடித்து இழுத்து, கொஞ்சம் போய்ப் படுத்துக்கொள்ளும்படி கெஞ்சினார். தூக்கம் வரவில்லை என்றவர்களிடம், கண்ணை மூடிக்கொண்டால் போதும் என்றார். மதியத்துக்குள் ஆய்வுக் குழு மறுபடி போய் நூற்று எழுபத்து நான்கு பேரைக் கண்டுபிடித்தது.

டீச்சர் இதையெல்லாம் மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு வர வேண்டிய இடம் என்று தெரிந்தது. வரவில்லை. அன்று சாயங்காலம் மகள் கால் வீங்கியிருக்கிறதென்று சுவரோரமாகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

“ஆயிரம் வந்துடுச்சாம்மா?” என்றாள்.

“நான் எண்ணினதுல வந்துடுச்சு.”

“அப்ப ரெண்டாவது கட்டில் போட்டுடுவாங்கல்ல?”

டீச்சர் அவள் காலை மடியில் எடுத்து வைத்துப் பிடித்துவிட்டார்.

மறுநாள் இயக்குநரே கூப்பிட்டு அனுப்பினார். குளிரூட்டிய அறை. அந்தச் சிவப்புக் கோடு இங்கே சட்டம் போட்டு மாட்டியிருந்தது. மேசையில் தொள்ளாயிரத்து அறுபத்து நான்கு என்று தட்டச்சு செய்த தாள், கீழே டீச்சர் கையெழுத்துக்கு இடம். இயக்குநர் உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். பிறகு பேசினார்.

“நாங்க யாரையும் விட்டுடலைம்மா. சேர்த்து எண்ணியிருக்கோம். ஒரு நாள்ங்கறது இருபத்துநாலு மணி நேரம். இவங்க ஒவ்வொருத்தரும் இங்க படுக்கறது எட்டு மணி நேரம். மூணு எட்டு இருபத்துநாலு. ஒரு முழு ஆள்.”

“மீதிப் பதினாறு மணி நேரம் அவங்க எங்க சார் இருக்காங்க?”

“அதைப் பத்திக் கவலைப்படறது நம்ம வேலையில்ல. நம்ம வேலை எண்ணறது.” இயக்குநர் எழுந்துபோய்க் கோட்டின் மேலிருந்த தூசியை விரலால் துடைத்தார். “சரியான கணக்கு வேணும்னு சொன்னதே நான்தான். ஆனா சரியா இல்லையான்னு எதை வெச்சுப் பாக்கறது? கோட்டை வெச்சுத்தான். மக்களை வெச்சுப் பாக்கலாம்னா, அவங்க ஒரு நிலையில நிக்கறாங்களா சொல்லுங்க. இன்னைக்குப் பொறக்கறாங்க, நாளைக்கு வேலை தேடி எங்கயோ போறாங்க. நம்பவே முடியாது.”

டீச்சர் தாய்சேய் நிலையத்தைப் பற்றிச் சொன்னார். முப்பத்தாறு பேர் குறைவதால் ஒரு கட்டில் வராமல் போகும் என்றார். மகளுக்கு மாதம் நெருங்கிவிட்டது என்பதைச் சொன்னார். ஆட்டோவைப் பற்றிச் சொல்லவில்லை. அதைச் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. இயக்குநர் கவனமாகக் கேட்டார். உண்மையிலேயே வருத்தப்பட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

“அது சுகாதாரத் துறைம்மா. அவங்க எங்க எண்ணை நம்பித்தான் கட்டில் போடறாங்க. நாங்க கட்டிலை நம்பித்தான் எண் போடறோம். ரெண்டு துறையும் எவ்வளவு ஒத்துமையா இருக்கு பாருங்க.”

பேனாவை மூடி கழற்றி நீட்டினார். டீச்சர் அந்தப் பேனாவை வாங்கிக்கொண்டார். தாளைப் பார்த்தார். சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

“நான் பாத்தது ஆயிரத்து முந்நூத்திப் பன்னெண்டு சார். ஒவ்வொருத்தர் மூஞ்சியும் பாத்தேன்” என்றார். பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

ஒன்றும் ஆகவில்லை. கூரை இடியவில்லை. கணக்கெடுப்பாளர் விடுப்பில் இருப்பதால் அவருக்காக என்று குறிப்பிட்டு சதவீதம் கையெழுத்துப் போட்டார். ஒரு வாரத்தில் சுகாதாரத் துறையிலிருந்து நர்ஸம்மாவுக்குக் கடிதம் வந்தது. மக்கள்தொகை தொள்ளாயிரத்து அறுபத்து நான்கு, இரண்டாவது கட்டிலுக்குத் தகுதியில்லை, வளர்ச்சிப் போக்கு சீராக இருப்பதால் அடுத்த கணக்கெடுப்பில் முயலவும். டீச்சருக்கும் ஒரு கடிதம் வந்தது. மெஷின் இல்லாத பள்ளியில் தையல் ஆசிரியர் பணியிடம் உபரி என்று தெரியவந்துள்ளதாகவும், விளக்கம் தரும்படியும் அதில் இருந்தது. டீச்சர் அதை மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தார்.

நூல் வெளியீட்டு விழா வந்தது. மக்கள் தங்கள் எண்ணிக்கையைக் கொண்டாட வேண்டும் என்பதற்காக அன்று தொழிற்சாலைக்குக்கூட விடுமுறை விட்டிருந்தார்கள். பதினொன்றரை மணிக்குச் சலவைக்கடைக்காரர் தன் மனைவியைத் தாங்கிப் பிடித்து நிலையத்துக்குக் கூட்டிவந்தார். அவளைக் கட்டிலில் ஏற்றிவிட்டு நர்ஸம்மா கை கழுவிக்கொண்டிருந்தபோது, டீச்சர் மகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தார். மூன்று வாரம் முன்னதாகவே வலி கண்டுவிட்டது.

நர்ஸம்மா கட்டிலைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். போய்ப் போனை எடுத்தார். பக்கத்துப் பகுதியின் வண்டி விழா மண்டபத்துக்குப் புத்தகம் ஏற்றிக்கொண்டு போயிருப்பதாகப் பதில் வந்தது. மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஆட்டோ வேண்டாம்மா” என்றாள். அதை மட்டும் இரண்டு முறை சொன்னாள்.

“ரெண்டு பேரையும் நான் பாத்துக்குவேன் டீச்சர்” என்றார் நர்ஸம்மா. “கை ரெண்டு இருக்கு. ஆனா தரையில குனிஞ்சு பாக்க என் முட்டி விடாது. உயரமா ஒண்ணு வேணும். எங்கயாவது ஒரு கட்டில் பாருங்க.”

டீச்சர் தெருவைக் கடந்தார். ஓடியது அவருக்கு நினைவில்லை. விடுதி வாசல் படியில் ரெண்டு மணிக்காரரும் பத்து மணிக்காரரும் உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் உள்ளே போய்விட்டார்கள். தூங்கிக்கொண்டிருந்த ஆறு மணிக்காரர் எதற்கு என்று கேட்காமல் எழுந்து, தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கட்டிலின் தலைமாட்டைப் பிடித்தார். மற்ற இருவரும் கால்மாட்டில் ஆளுக்கு ஒரு மூலை. அரசாங்கக் கணக்குப்படி அந்தக் கனத்த இரும்புக் கட்டிலை ஒரே ஆள் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து, இரண்டு படி ஏறி, நிலையத்து வாசலில் சாய்த்துத் திருப்பி உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

சலவைக்கடைக்காரர் மனைவிக்குப் பன்னிரண்டரைக்குப் பையன். டீச்சர் மகளுக்கு ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பெண். கொஞ்சம் சிறிய குழந்தைதான். ஆனால் இருவரில் இதுதான் அதிகச் சத்தமாக அழுதது. நர்ஸம்மா இரண்டு கட்டிலுக்கும் நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பிறப்புப் பதிவேட்டில் இரண்டு வரி எழுதினார்.

டீச்சர் வெளியே வந்தார். மூவரும் நிலையத்துப் படியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆறு மணிக்காரர் மடியில் தலையணை இருந்தது. கண் சிவந்திருந்தது, பாதித் தூக்கத்தில் எழுந்தவர்.

கட்டிலை எப்போது திருப்பிக் கொடுக்கட்டும் என்று டீச்சர் கேட்டார்.

“ரெண்டு மணி வரைக்கும் என் முறைதான் டீச்சர்” என்றார் ஆறு மணிக்காரர். “பாப்பா தூங்கட்டும்.”

“ரெண்டுலேர்ந்து பத்து வரைக்கும் என்னோடது. அதையும் வெச்சுக்கட்டும்” என்றார் ரெண்டு மணிக்காரர்.

பத்து மணிக்காரர் எதையும் சட்டென்று கொடுத்துவிடுகிற ஆள் இல்லை.

“பொறந்த குழந்தை ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் தூங்கும் டீச்சர்?”

“விட்டு விட்டு நாள் முழுக்கத் தூங்கும்.”

“அப்ப என்னோடதையும் சேர்த்தாத்தான் சரியா வரும். மூணு நாள் இருக்கட்டும். நாங்க இந்தப் படியில மாத்தி மாத்திச் சாஞ்சுக்கறோம்.”

சொல்லிவிட்டு நகர்ந்து இடம் விட்டார். மற்ற இருவரும் நகர்ந்தார்கள். அந்த இடத்தில் டீச்சர் உட்கார்ந்தார். உள்ளே பாப்பா மறுபடி அழுதது. ஊசி பட்டதுபோல் அவருக்கு வலித்தது.